நாலு ஆட்டத்தில் தீர்ப்பா? கொஞ்சம் பொறுங்கப்பா!

சென்னையின் எப்.சி. கால்பந்து அணி ஒரு சீசனைத் தோல்வியோடு தொடங்கிவிட்டால் போதும். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் இருந்து சென்ட்ரல் வரைக்கும் நடந்து போகிற கூட்டத்தில் அத்தனை பேரும் பயிற்சியாளர்கள்தான்! "அவனை ஏன்யா இறக்கினான்?" "இவனை ஏன்யா வெளியே எடுத்தான்?" "வெளிநாட்டுக்காரனுக்குக் காசைக் கொட்டுறதுக்கு நம்ம வியாசர்பாடி பையனை இறக்கிவுட்டா நாலு கோல் போட்டுட்டு வந்திருப்பான்!" மின்சார ரயில் ஏறுகிற வரைக்கும் இதே பேச்சு. மறுநாள் கடையிலும் ஆபீசிலும் அதன் மிச்சம்.

பேசட்டும். டிக்கெட் வாங்கினவருக்குப் பேச உரிமை உண்டு. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு டி.வி. பார்த்தவருக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் தொடக்கத்தில் நாம் பேசுகிற பேச்சில் எது நிற்கிறது, எது காற்றோடு போகிறது? இதைத் தெரிந்துகொள்ள அடுத்தடுத்து வந்த இரண்டு சீசன்களைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

சாம்பியனுக்கு வந்த கதி!

2018 மார்ச் 17. பெங்களூரில் இறுதிப் போட்டி. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டு நம் வயிற்றில் புளியைக் கரைத்தார். அப்புறம் நடந்தது தெரியுமே! மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரபேல் அகஸ்டோ ஒரு கோல். 3-2 என்ற கணக்கில் பெங்களூரை அதன் மண்ணிலேயே சாய்த்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2015-க்குப் பிறகு இரண்டாவது கோப்பை. அந்த அணியில் வியாசர்பாடி தனபால் கணேஷும் இருந்தார் என்பதில் வடசென்னைக்குத் தனிப் பெருமை.

ஆறு மாதம் கழித்து அடுத்த சீசன். அதே பெங்களூரில் முதல் ஆட்டம், 0-1 தோல்வி. சரி, போகட்டும் என்றார்கள். சென்னையில் கோவா வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனது. அடுத்து நார்த் ஈஸ்ட் யுனைடெட். நாம் மூன்று கோல் போட்டோம். அவர்கள் நாலு போட்டார்கள்! சொந்த ஊரில் மூன்று கோல் அடித்தும் தோற்றால் ரசிகன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

அப்போது ரசிகர்கள் சொன்னது என்ன? "சாம்பியன் டீம்யா, எழுந்துடும். பொறுங்க." பொறுத்தார்கள். பொறுத்துக்கொண்டே இருந்தார்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம்! அந்த இரண்டு வெற்றியில் ஒன்று, அந்த ஆண்டு சாம்பியன் ஆன பெங்களூருக்கு எதிராக என்பதுதான் வேடிக்கை. மாடி வீட்டில் இருந்தவன் ஒரே வருடத்தில் நடைபாதைக்கு வந்த கதை.

450 நிமிடம் கோல் இல்லை!

அடுத்து 2019. இது இன்னும் மோசம். கோவாவில் 0-3. சென்னையில் மும்பையோடு 0-0. சென்னையில் ஏ.டி.கே.யிடம் 0-1. பெங்களூரில் 0-3. நாலு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்கூட இல்லை! முந்தைய ஆண்டு முதல் மூன்று ஆட்டத்திலாவது நாலு கோல் போட்டிருந்தோம். கணக்கை மட்டும் பார்த்தால் 2019 தொடக்கம்தான் படுமோசம்.

இந்தத் தடவை யாரும் "பொறுங்க" என்று சொல்லவில்லை. லிதுவேனியா நாட்டுக்காரர் நெரியஸ் வால்ஸ்கிசையும் பிரேசில் ஆட்டக்காரர் ரபேல் கிரிவெல்லாரோவையும் காட்டி, "இவனுங்களை எந்தக் கடையில புடிச்சாங்க?" என்று கேட்டார்கள். பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்கு விழுந்த வசவைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. "இனிமே கிரவுண்டு பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டேன்" என்று சபதம் போட்டவர்களும் உண்டு.

நவம்பர் 25-ந்தேதி, திங்கட்கிழமை ராத்திரி, ஐதராபாத்துடன் ஆட்டம். 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. நாலு ஆட்டத்தையும் இதையும் சேர்த்தால் 450 நிமிடம் கோலே இல்லாத வறட்சி! நடுவர் கொடுத்த கூடுதல் நிமிடங்களில்தான் கூத்து நடந்தது. நம்ம ஷெம்ப்ரி ஒரு கோல் போட்டார். அரங்கம் அலறி முடிப்பதற்குள் ஐதராபாத் திருப்பிப் போட்டது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது வால்ஸ்கிஸ் இன்னொன்று போட்டார். 2-1! பஸ்ஸைப் பிடிக்க 90-வது நிமிடம் எழுந்து போனவர் யாராவது இருந்தால், அவரைப் போல் பாவப்பட்டவர் சென்னையில் இல்லை.

அதற்கடுத்து ஒடிசாவோடு 2-2. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. கிரிகரி விலகினார். இங்கிலாந்தில் பர்ன்லி, போல்டன் அணிகளை நடத்திய ஓவன் கோயில் டிசம்பரில் வந்தார். அவர் வரும்போது பெட்டி நிறைய புது ஆட்டக்காரர்களைக் கொண்டுவரவில்லை. "எந்தக் கடையில புடிச்சாங்க" என்று நாம் கேட்டோமே, பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துத்தான் ஆடினார். மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி! கேரளா பிளாஸ்டர்சுக்கு 3-1. பட்டியலில் நாலாவது இடம். அரையிறுதியில், அதே கோவாவைச் சென்னையில் 4-1 என்று உரித்தார்கள். அங்கே போய் 2-4 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 6-5. இறுதிப் போட்டிக்கே போய்விட்டார்கள்!

வால்ஸ்கிஸ்? 15 கோல். அந்த சீசனின் தங்கக் காலணி அவருக்கு. நாலு ஆட்டத்தில் குப்பை என்று ஒதுக்கிய ஆளப்பா அவர்!

யாரைத் திட்டுவது?

ஆகவே தொடக்கத்தில் ரசிகன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. ஆட்டக்காரன் லாயக்கில்லை என்றது தப்பு. நடத்துகிற விதம் சரியில்லை என்றது சரி. 2018-ல் கோப்பை வாங்கித் தந்தவராயிற்றே என்ற மரியாதையில் யாரும் எதையும் மாற்றவில்லை, கடைசி இடம். 2019-ல் ஆறாவது ஆட்டத்தோடு மாற்றம் வந்தது, இறுதிப் போட்டி. கிரிகரியைக் குறைத்துச் சொல்லவில்லை. கோப்பை தந்தவர், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் கடையில் சரக்கு நன்றாக இருந்தும் வியாபாரம் படுத்தால், சரக்கைத் தெருவில் கொட்டுவீர்களா, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பீர்களா?

அந்த நாலு ஆட்டத்தையும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பந்து எதிரி கோல் பக்கம் போகாமல் இல்லை. போனது, கடைசி உதைதான் சரியாக விழவில்லை. இது சீக்கிரம் தீருகிற வியாதி. ஓட்டமே இல்லாமல், பாதி மைதானத்தைத் தாண்டமுடியாமல் ஒரு அணி திணறினால்தான் பயப்படவேண்டும். பேப்பரில் 0-1 என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவர்தான் மறுநாள் ஆபீசில் ரொம்ப சத்தம் போடுகிறவர்!

சேப்பாக்கத்துக்கு ஒரு நியாயம், பெரியமேட்டுக்கு ஒரு நியாயமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. 2020-ல் சி.எஸ்.கே. ஏழாவது இடத்தில் போய் நின்றது. யாராவது மஞ்சள் சட்டையைக் கழற்றினார்களா? மறு வருடமே கோப்பை வந்தது. தோனிக்கு இந்தக் கால்பந்துக் கிளப்பிலும் பங்கு உண்டு என்பதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டுக்கு ஊரே இருக்கிறது. கால்பந்துக்கு இருப்பது ஒரு கேலரிக் கூட்டம். மழையானாலும் தோல்வியானாலும் நீலச் சட்டையோடு வந்து கொட்டடிக்கிற பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் பையன்கள், வடசென்னைக் குடும்பங்கள் கொஞ்சம், அவ்வளவுதான். இதில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனால் மிச்சம் யார்? கிளப் இருந்துகொண்டேதான் இருக்கும் என்று நினைப்பவர்கள் 2025-ஐ மறக்கவேண்டாம். இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக் நடத்துபவர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு. செப்டம்பரில் தொடங்கவேண்டிய ஐ.எஸ்.எல். தொடங்கவில்லை. நம்ம கிளப் வேலைகளையே நிறுத்திவைத்தது. தீபாவளி போயிற்று, டிசம்பரும் போயிற்று, பந்து உருளவில்லை. அந்த மாதங்களில் 0-3 என்று தோற்பதற்குக்கூட ஒரு ஆட்டம் கிடைக்காதா என்று ஏங்கினார்களே, அதே ஆட்கள்தான் தொடக்கத்தில் நாலு ஆட்டம் தோற்றால் சீட்டைக் கிழிக்கிறார்கள்.

2020 மார்ச் 14 இறுதிப் போட்டியும் அப்படித்தான். கோவாவில், கொரோனா காரணமாக ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்தது. வால்ஸ்கிஸ் கோல் போட்டார். கத்துவதற்கு ஆள் இல்லை. ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது.

கிளப் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் அடிமேல் அடி விழும்போது வாயைப் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பயிற்சியாளரைக் கேலரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். என்ன கோளாறு, எப்போது சரியாகும் என்று அவர் வாயால் சொல்லட்டும். வேலை நாளில் ராத்திரி ஏழரைக்கு ஆட்டம் வைத்தால் முடிய ஒன்பதரை ஆகிறது. தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் போகிறவர் குழந்தைகளோடு எப்படி வருவார் என்பதையும் லீக்காரர்களிடம் சண்டை போட்டுக் கேளுங்கள்.