இடம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

வீடியோ எடிட்டிங் மென்பொருள்ல எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும்போதே சொல்லித் தொலைச்சா என்னங்க? "உன் லேப்டாப்புல இடம் பத்தாது, முதல்ல காலி பண்ணு." இவ்வளவுதானே? சொல்ல மாட்டான். ஃபேன் அலற அலற பாதி ராத்திரி வரைக்கும் ஓடவிட்டு, 97 சதவீதத்துல நிறுத்தி, "டிஸ்க் ஃபுல்"னு ஒரு கட்டம் காட்டுவான். அப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ அது. விடிஞ்சா சொந்தக்காரங்க அத்தனை பேரும் வாட்ஸப் குரூப்ல கேட்பாங்க.

சரி, அந்த 97 வரைக்கும் எழுதினதாவது மிஞ்சுமா? அதுவும் கிடையாது. எம்பி4 ஃபைல்ல எந்த ஃபிரேம் எங்கே இருக்குன்னு ஒரு அட்டவணை உண்டு. வழக்கமா அதைக் கடைசியிலதான் எழுதுறாங்க. அதுக்குள்ள நின்னுபோச்சுன்னா ஜிபி கணக்குல ஒரு ஃபைல் கிடக்கும், எந்த பிளேயர்லயும் ஓடாது. இருக்கிற இடத்தையும் அதுவே அடைச்சுக்கும்.

இது முன்கூட்டியே கணிக்க முடியாத விஷயமா? பிட்ரேட்டை நாமே செட் பண்றோம். நீளம் டைம்லைன்லயே இருக்கு. 50 எம்பிபிஎஸ்னா, எட்டால வகுத்தா விநாடிக்கு 6.25 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 3600ஆல பெருக்குங்க, 22.5 ஜிபி. பள்ளிக்கூடக் கணக்கு! டிரைவ்ல எவ்வளவு காலின்னு விண்டோஸ் நொடியில சொல்லும். ரெண்டு நம்பரைப் பக்கத்துல வச்சுப் பார்க்க என்ன கேடு? மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்கே நிறைஞ்சா மோட்டாரை நிறுத்துற கருவி வந்தாச்சு. மாசாமாசம் சந்தா வாங்குற மென்பொருளுக்கு அந்த அளவு அக்கறை இருக்கக் கூடாதா?

22.5 ஜிபி காலி பண்ணினாலும் போதாது, அதையும் கேளுங்க. சில மென்பொருள் வீடியோவையும் ஆடியோவையும் தனித்தனியா தற்காலிகமா எழுதிட்டு அப்புறம்தான் ஒண்ணாச் சேர்க்கும். அந்த நேரத்துக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு இடம் வேணும். எக்ஸ்டெர்னல் டிரைவ்ல சேவ் பண்ணச் சொன்னாலும் பல சமயம் நிறையுறது சி டிரைவ்தான். ஏன்னா கேஷ் ஃபைல் எல்லாம் பெரும்பாலும் ஆப்டேட்டான்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள போய் உட்கார்ந்திருக்கும். பிராஜெக்ட்டையே அழிச்சாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். நம்ம மெஷின், நம்ம இடம், நம்மகிட்டயே ஒளிச்சு வைக்கிறாங்க.

கடையிலயும் இதே கதைதான். "எடிட்டிங்குக்கு சூப்பர் சார்"னு கையில குடுத்தது 256 ஜிபி லேப்டாப். வீட்டுல திறந்தா 238னு காட்டுது. விக்கிறவங்க ஆயிரத்தால எண்றாங்க, விண்டோஸ் 1024ஆல எண்ணுது. அதுலயும் விண்டோஸ், அப்டேட், ஹைபர்நேஷன் ஃபைல் போக மிச்சம்தான் நமக்கு. பத்தலைன்னா பெரிசா மாத்திக்கலாமான்னா, மெலிசான மாடல்கள் சிலதுல எஸ்எஸ்டியை போர்டோட பத்த வச்சிடறாங்க. போன் விக்கும்போது மட்டும் 4கே, 60 எஃப்பிஎஸ்னு கூவுறாங்களே, எடுத்ததை எங்கே வைக்கிறதுன்னு எவனாவது சொன்னானா? கிளவுட்ல வைங்கறாங்க. கூகுள் கணக்குல இலவசம் 15 ஜிபி, அதுவும் மெயில், போட்டோ, டிரைவ் மூணுக்கும் சேர்த்து. அதுக்கு மேல வாடகை. நம்ம வீட்டு விசேஷத்தை நாம பார்க்கிறதுக்கு ஆயுசுக்கும் வாடகை!

அன்னிக்கு ராத்திரி எதை அழிக்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். கலசத் தண்ணி ஊத்துறதை மட்டும் நாலு போன்ல எடுத்திருந்தாங்க. எதைத் தூக்கிப் போடுறது? சித்தி எடுத்ததுல கை நடுங்குது, ஆனா அம்மா கண்ணைத் துடைக்கிறது அதுல மட்டும்தான் தெரியுது. ஒரு மென்பொருள் முன்னாடியே கணக்குப் பார்க்காததுக்கு, அதையா நான் அழிக்கணும்?

அழிக்கல. மறுநாள் கடன் சொல்லி ஒரு எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி வாங்கினேன். கேஷ் ஃபோல்டரையும் செட்டிங்ஸ்ல அங்கேயே மாத்தி விட்டேன். நீங்களும் மாத்திடுங்க, வரப்போற ஃபைலுக்கு மூணு மடங்கு காலியா வச்சுக்கிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட்டைத் தட்டுங்க. ஆனா இதை நானா உங்களுக்குச் சொல்லணும்? காசு வாங்கினவங்க அந்தப் பட்டனுக்குப் பக்கத்துலயே எழுதியிருக்க வேண்டாமா?