எல்லா எழுத்தும் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

“முதலில் எழுத்தெல்லாம் வரட்டும், பிழை குறையட்டும், கையெழுத்து திருந்தட்டும், சொந்தமாக எழுதுவதை ஐந்தாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.” சென்னை தேனாம்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் பெற்றோரும் ஆசிரியரும் இதையே சொல்கிறார்கள். குழந்தையின் நலனை நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கருத்தால் குழந்தைகள் ஐந்து ஆண்டுகளைக் கரும்பலகையைப் பார்த்து எழுதியே கழிக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் பொங்கலைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டால், வீட்டில் பொங்கிய பொங்கலை விட்டுவிட்டு நோட்ஸில் உள்ள முன்னுரையை ஒப்பிக்கிறார்கள். இந்த வாதத்தைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

“எல்லா எழுத்தும் தெரிந்தால்தான் எழுத முடியும்”

247 என்ற எண் பலரை மலைக்க வைக்கிறது. ஆனால் 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை கால், கொம்பு, சுழி சேர்ந்து ஒழுங்காக உருவாகுபவை. உகர, ஊகார வரிசைகள்தான் தனிக் கவனம் கேட்கும். பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் அரசு ஏற்றபின் ணை, லை, றா போன்றவையும் அந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த குழந்தை படம், மடம், பட்டம் என்று எழுதலாம். தான் வரைந்த பட்டத்தின் கீழே ‘பட்டம்’ என்று எழுதினால் அதுவே அதன் முதல் சொந்த எழுத்து. எழுத வராததை அது வாயால் சொல்லட்டும், ஆசிரியர் எழுதிக் காட்டட்டும்.

“பிழையோடு எழுதவிட்டால் பிழையே பழகிவிடும்”

இந்த அச்சம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். ர–ற, ல–ள–ழ, ந–ன–ண ஆகியவற்றில் குழந்தை தடுமாறுவது கவனக்குறைவால் அன்று. சென்னைப் பேச்சில் இவற்றுள் பல வேறுபாடுகள் காதுக்கு எட்டுவதில்லை. காதில் விழுந்ததையே குழந்தை எழுதுகிறது. கனடாவில் உலெட், செனஷால் என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் தாமே ஒலிகூட்டி எழுத ஊக்குவிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் சரியான எழுத்துக்கு ஒரு படி அருகில் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடச் சொற்களை வாசிக்கவும் நன்றாகக் கற்றார்கள். ஆகவே திருத்தம் வேண்டும், ஆனால் குழந்தை எழுதிய பிறகு வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிழையைத் திருத்தினால் போதும்.

பிழைக்கு அஞ்சாமல் எழுதப் பழக்குவது சென்னைக்குப் புதிதும் அன்று. 1789இல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் இல்லத்தில் புகுத்தினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அது இங்கிலாந்தில் பரவியது. 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அமைத்தார்கள். மணலிலும் கரும்பலகையிலும் பிழையை உடனே அழித்துவிடலாம். அழிக்க முடிந்தால் எழுதப் பயமிருக்காது.

“பேச்சுத்தமிழ் புகுந்துவிடும்”

புகுந்துவிடட்டும். “எங்க ஆயா பூ விக்குது” என்று ஒரு குழந்தை எழுதினால், சொல்ல அதனிடம் செய்தி இருக்கிறது என்று பொருள். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி, “எங்கள் பாட்டி பூ விற்கிறார்” என்று வகுப்போடு சேர்ந்து மாற்றட்டும். இரண்டு தமிழையும் அருகருகே வைத்தால்தான் எழுத்துத்தமிழ் எப்படி வேறுபடுகிறது என்று பிடிபடும். வாக்கியங்களை வெறுமனே பார்த்து எழுதுவதில் அந்த வேறுபாடு கண்ணில் படாது.

“கையெழுத்துப் பயிற்சியே போதும்”

இதில் பாதி உண்மை உண்டு. கை தடுமாறினால் சிந்தனையும் தடுமாறும். இரட்டைக்கோடு நோட்டில் நாள்தோறும் சிறிது நேரம் பழகுவது அவசியம். ஆனால் அமெரிக்கக் கல்வி அறிவியல் நிறுவனம் 2012இல் தொடக்கப்பள்ளி எழுத்துக் கல்விக்கு வெளியிட்ட வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கேட்கிறது. அதில் அரைமணி திறன்களைக் கற்பிக்க, அரைமணி அவற்றைக் கொண்டு குழந்தை எழுத. நம் வகுப்புகளில் இரண்டாவது அரைமணிதான் விடுபட்டுப்போகிறது.

“நாற்பது நோட்டை யார் திருத்துவது?”

எல்லா நோட்டையும் எல்லா நாளும் திருத்தத் தேவையில்லை. குழந்தை எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டட்டும். புரியாத இடத்தில் அவர் கேள்வி கேட்பதும் திருத்தம்தான். நல்லவற்றை நான்கு, ஐந்தாம் வகுப்புக்கென அரசு வெளியிடும் ‘ஊஞ்சல்’ இதழுக்கு அனுப்பலாம். எழுதுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதும் இல்லை: அண்ணாசாலையில் சைதாப்பேட்டை நோக்கிய உயர்மட்டப் பாலம், ஆலையம்மன் கோயில் தெரு, மழையன்று வீட்டுக்குள் வந்த தண்ணீர் எல்லாம் பொருள்தான்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. சொந்தமாக எழுதும் வாய்ப்பு மலருக்கு மட்டும் என்று எந்த வகுப்பறையும் முடிவு செய்துவிடக் கூடாது. அரும்புக்கு ஒரு சொல், மொட்டுக்கு ஒரு வாக்கியம் போதும்.

1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு பிறகு மாநிலம் முழுதும் பரவியது. அந்தப் பள்ளி இருந்த பகுதி இன்றைய தேனாம்பேட்டை மண்டலத்தில்தான் அடங்குகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் சொந்த எழுத்து என்பதையும் இந்த மண்டலத்துப் பள்ளிகளே தொடங்கி வைக்கட்டும். தலைமையாசிரியர்களே, கால அட்டவணையில் அந்த நேரத்தை ஒதுக்குங்கள். பெற்றோரே, நோட்டில் உள்ள பிழைகளை எண்ணுவதற்கு முன், குழந்தை என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருமுறை வாசியுங்கள்.