காந்தம் விஷத்தை இழுக்கும். செலவு யார் தலையில்?

தண்ணீரில் கரைந்த விஷ உலோகத்தைக் காந்தத்தால் இழுத்தெடுக்க முடியும் என்று விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். மாயமில்லை, மந்திரமில்லை. விஷத் தண்ணீரைக் குடிப்பவர்கள் பாட்டாளி மக்கள். ஆகவே இந்த விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துருவின் இனத்தைச் சேர்ந்த மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடை மிக நுண்ணிய துகளாகச் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க, விஷம் ஒட்டும் பரப்பு பெருகும். ஒட்டிய பிறகு காந்தத்தை வைத்தால் துகள் விஷத்தோடு ஒதுங்கிவிடும். 2006-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், 12 நானோமீட்டர் துகள்களை அதிக பலமில்லாத காந்தத்தாலேயே பிரித்து, ஆர்ஸனிக்கை அகற்றிக் காட்டினார்கள்.

நல்லது. இனி ராணிப்பேட்டையைப் பார்ப்போம்.

தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைச் செய்துவந்த ஓர் ஆலை அங்கே 1990-களின் நடுவில் மூடப்பட்டது. உற்பத்தி நின்றது, 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் குவியலாக நின்றது. மழை பெய்தால் விஷம் கசிந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அதிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

மாக்னடைட் இந்தக் குரோமியத்தைப் பிடிப்பதோடு, அதன் ஒரு பகுதியை விஷம் குறைந்த மூன்று இணைதிறக் குரோமியமாகவும் மாற்றும். ஆனால் எந்த உலோகமும் அழிந்துபோவதில்லை. துகளைக் காரநீரில் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். கழுவிய நீரில் விஷம் இருக்கும். அதைக் கொட்டுவது எங்கே? கையில் எடுப்பவர் யார்? ஒப்பந்தக் கூலியாகத்தானே இருப்பார்! மேலும், தண்ணீரிலுள்ள மற்ற உப்புகளும் துகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாளடைவில் துகளின் வேகமும் குறையும்.

குவியலை விட்டுவிட்டுக் கிணற்றை மட்டும் சுத்தம் செய்வது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை.

"கருவி வந்துவிட்டது, இனிக் கவலை எதற்கு?" என்று சிலர் நம்மைத் தட்டிக்கொடுக்கலாம். லாபம் அடைந்தவர்கள் போய்விடுவார்கள். துகளுக்கும் காந்தத்துக்கும் ஊர்மக்கள் வரி கொடுக்க வேண்டுமா? வேலூர்த் தோல் ஆலைகளின் மாசு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு ஏட்டில் கிடந்தால் கிணறு தெளியாது.

ஆகவே நாம் கேட்கிறோம்:

விஷக் குவியல் எங்கே இருந்தாலும் முதலில் அதை அகற்ற வேண்டும். அல்லது நீர் கசியாதபடி அடைக்க வேண்டும்.

கிணற்று நீர்ச் சோதனையின் முடிவைத் தமிழில் எழுதி ஊர்ப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும்.

கழிவைக் கையாளும் தொழிலாளிக்குக் கையுறையும், முகமூடியும், தவறாத வைத்தியப் பரிசோதனையும் வேண்டும்.

செலவு முழுவதையும் மாசுபடுத்தியவரிடம் வசூலிக்க வேண்டும்.

விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். குற்றத்தை மூடும் திரையாக அதைப் பயன்படுத்த விடமாட்டோம்.