இன்டக்ரேஷன் எதுக்குன்னு காவிரியைக் கேளுங்க

"இந்த இன்டக்ரேஷன் எல்லாம் எதுக்கு சார்?"னு ப்ளஸ் டூ பையன் கேட்டா, வாத்தியார்கள் பல பேர் சொல்ற பதில் "மார்க்குக்குடா!". இதைவிட மோசமான பதில் உண்டாங்க?

அதுவும் முசிறியில இருந்துக்கிட்டு! மத்திய நீர் ஆணையம் இங்கேயே காவிரியை அளக்குது. ஆத்தை அகலவாக்கில் பட்டை பட்டையாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஆழம், அகலம், ஓட்டத்தோட வேகம் மூணையும் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணும். விநாடிக்கு இத்தனை கனஅடின்னு வந்துடும். பட்டையை மெலிசாக்கிக்கிட்டே போனா? அதாங்க தொகையிடல்!

அந்தக் கனஅடி நாளுக்கு நாள் மாறும். அதை நேரத்தோட மறுபடி தொகையிட்டா டி.எம்.சி. நாள் முழுக்க சுமார் 11,574 கனஅடி ஓடினா ஒரு டி.எம்.சி. சாதாரண வருஷத்தில் பிலிகுண்டுலுவுக்கு 177.25 டி.எம்.சி. வரணும்னு 2018ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே, அது வந்துச்சா இல்லையான்னு பார்க்கிறதும் இந்தக் கணக்குதான். நம்ம வயல் தண்ணிங்க இது!

பிரதியிடல், பகுதித் தொகையிடல் எல்லாம் வேண்டாம்னு சொல்லலை. கட்டாயம் வேணும். ஆனா ஆத்துக்கு ஃபார்முலா கிடையாது, அளந்த எண்கள்தான் உண்டு. அங்கே கைகொடுக்கிறது சரிவக விதியும் சிம்ப்சன் விதியும்தான்.

"போர்ஷன் முடியாதே"ம்பாங்க. நூறு கணக்கு மனப்பாடம் பண்ண நேரமிருக்கு, குளித்தலைப் பாலத்துல நின்னு ஆத்தைக் காட்ட ஒரு பீரியட் இல்லையா? என்னத்தைச் சொல்ல...