காலையுணவுக்கும் ஒரு பங்கு

அறுவடை முடிந்து நெல் களத்திற் குவிந்ததும் கமக்காரன் அதனைப் பங்கிடத் தொடங்குகின்றான். விதைக்கென ஒரு பங்கு, கூலிக்கும் கடனுக்கும் ஒரு பங்கு, எஞ்சியது சந்தைக்கு. இவற்றுள் விதைநெல்லை எத்தகைய பணமுடை வந்தபோதும் அவன் விற்பதில்லை. அதை விற்றால் அடுத்த போகம் தவறுமென்பதை அவன் நன்கறிவான். இவ்வளவு முன்யோசனையுடைய கமக்காரனின் வீட்டிலும் இன்று ஒரு விந்தையைக் காணலாம். வயலோரத்தில் ஈரம் காயுமுன்னரே நெல் லொறியில் ஏற்றப்படுகின்றது. பயறும் கௌப்பியும் குரக்கனும் வியாபாரியிடம் போகின்றன. பின்னர் அந்தப் பணத்தின் ஒரு பகுதி கடைக்குச் சென்று, பெட்டியிலடைத்த தானியச் சீவலாகப் பிள்ளைகளின் காலையுணவுக்குத் திரும்பி வருகின்றது.

தானியம் விளைவிக்கும் குடும்பம் தானியத்தைப் பெட்டியில் வாங்கியுண்பது கைக்கும் நட்டம், வயிற்றுக்கும் நட்டம். விளைச்சலைப் பங்கிடும்போதே, விதைக்கு ஒதுக்குவதுபோல, வீட்டின் காலையுணவுக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குதல் வேண்டும்.

பெட்டித் தானியம் எங்கிருந்து வந்ததென்பதை அறிதல் நன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பற்றில் கிறீக் என்னும் ஊரில், 1890ஆம் ஆண்டுகளில், கெலொக் சகோதரர் நடாத்திய சுகநிலையமொன்றில் நோயாளர்க்கும் ஓய்வு பெற வந்தோர்க்கும் எளிதிற் செரிக்கும் உணவாக இச்சீவல்கள் ஆக்கப்பட்டன. 1906ஆம் ஆண்டில் அவற்றைச் சோளத்திலிருந்து பெருமளவிற் செய்து விற்கும் கம்பனி அங்கே நிறுவப்பட்டது. இளைப்பாறி இருப்போர்க்கென எண்ணிச் செய்யப்பட்ட உணவு, விடியற் காலையில் மண்வெட்டியுடன் வரப்பிற்கு இறங்குபவனுக்கும், இரண்டு மைல் நடந்து பாடசாலை செல்லும் பிள்ளைக்கும் போதுமானதா என்பது கேட்கத்தக்க கேள்வியாகும்.

அதனை நஞ்சென்று பழித்தல் நேர்மையன்று. பல வகைகளில் இரும்புச் சத்தும் சில விற்றமின்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பாலுடன் உண்ணும்போது பாலின் பயனும் கிடைக்கின்றது. ஆயினும் அளவை நோக்குக. ஒரு வேளைக்கெனப் பெட்டியிற் குறிக்கப்படும் அளவு பெரும்பாலும் 30 கிராமே. அவ்வளவு சோளச் சீவலில் ஏறக்குறைய 110 கிலோகலோரி சக்தியும் 2 கிராம் புரதமும் மட்டுமே உண்டு. நார்ப்பொருள் மிகச் சொற்பம். பிள்ளைகள் விரும்பும் சீனி பூசிய வகைகளிற் சிலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமளவு சீனியே உள்ளது. அன்றாட உணவின் மொத்தச் சக்தியில் சேர்க்கப்பட்ட சீனி முதலியவற்றின் பங்கு 10 சதவீதத்திற்கு உட்பட்டிருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. காலைக் கோப்பையிலேயே இவ்வளவு சீனியைச் சேர்ப்பது அவ்விதப்புரைக்கு இசைந்ததன்று.

இதற்கு எதிரே 50 கிராம் உலர்ந்த பயற்றை வைத்து நோக்குக. அதிலே ஏறக்குறைய 12 கிராம் புரதமும், பசியைத் தாங்கும் நார்ப்பொருளும் உண்டு. தவிடு நீங்காத அரிசியுடன் பயற்றைச் சேர்க்கும்போது பயன் மேலும் பெருகும். அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள இலைசீன் என்னும் அமினோ அமிலம் பயறு, உழுந்து, கௌப்பி ஆகியவற்றில் நிறைய உண்டு. பயற்றிற் குறைந்ததை அரிசி ஈடுசெய்கின்றது. குரக்கனோ 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் கொண்டது. தீட்டிய வெள்ளரிசியில் இதன் பத்திலொரு பங்கும் இல்லை. வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது சிறிய வேறுபாடன்று.

அரிசியைப்பற்றி ஒரு சொல். தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் நரம்பு நோயுற்றதையும், தவிடு கலந்த உணவாற் குணமுற்றதையும் 1890ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவில் எய்க்மன் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். அதற்காக 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தவிட்டிலே விற்றமின் பீ1 உண்டென்பது பின்னர் தெளிவாயிற்று. புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறுவதால் புழுங்கலரிசி பச்சையரிசியிலும் மேலானது. ஆகவே வீட்டுக்கென நெல்லைக் குற்றுவிக்கும்போது அளவோடு தீட்டுமாறு ஆலைக்காரரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். தவிடு நீங்காத அரிசி விரைவிற் காறலடையுமாதலால், நெல்லாகவே சேமித்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது குற்றுவித்தல் நன்று.

இவையெல்லாம் பலரும் முன்னரே கேள்வியுற்றவை. அங்ஙனமாயின் பெட்டி வெல்வதற்குக் காரணம் யாது? சுவையுமன்று, சத்துமன்று, நேரமே காரணம். நாற்று நடுகைக் காலத்தில் தாய் விடியுமுன் எழுந்து, தேநீர் வைத்து, மதியச் சோற்றையும் ஆக்கி, பிள்ளைகளைப் புறப்படுத்தித் தானும் வயலுக்குச் செல்லவேண்டியிருக்கின்றது. அவளிடம் சென்று "பிட்டும் இடியப்பமும் அவியுங்கள், பெட்டியை விடுங்கள்" எனக் கூறுவது எளிது. கூறுபவர் அடுப்பூதப் போவதில்லை. இத்தகைய காலையில் எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு வெறுந் தேநீருடன் வயலுக்குச் செல்பவளும் அவளே. ஆகவே பழைய உணவை மீண்டும் பரிந்துரைப்போர், அதனை ஆக்கும் நேரத்துக்கும் வழிகாட்டக் கடமைப்பட்டவராவர்.

அவ்வழி யாதெனில், காலையுணவின் வேலையை முன்னிரவுக்கு மாற்றுவதும், அதனை வீட்டார் யாவரும் பகிர்வதுமாகும். பயற்றைக் கழுவி ஊறவைத்தல் எட்டு வயதுப் பிள்ளையும் செய்யத்தக்க வேலை. தேங்காய் துருவுதல் ஆடவர்க்கு இழிவன்று. இவ்விரண்டும் முன்னரே முடிந்துவிடின் காலையில் அடுப்படியிற் செலவாகும் நேரம் பெரிதும் குறைந்துவிடும். பின்வரும் ஐந்தும் இம்முறைக்கு ஏற்றவை.

முதலாவது, அவித்த பயறு அல்லது கௌப்பி. ஐவருள்ள குடும்பத்துக்கு 250 கிராம் போதும். இரவிலே நீரில் ஊறவைத்து, காலையில் அந்நீரை ஊற்றிவிட்டுப் புதுநீரில் அவித்து, உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, வெங்காயச் சம்பலுடன் உண்ணலாம். ஊறிய தானியம் விரைவில் வேகும். விறகும் எரிவாயுவும் மிஞ்சும். ஊறிய பயற்றைத் துணியிற் கட்டி மேலும் ஒரு நாள் வைத்தால் முளைவிடும். முளையில் விற்றமின் சீ உண்டாகின்றது.

இரண்டாவது, இலைக்கஞ்சி. ஒரு சுண்டு சிவப்பரிசியையும் ஒரு கைப்பிடி பயற்றையும் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை, வல்லாரை, முசுட்டை ஆகியவற்றுட் கிடைத்ததை அரைத்தெடுத்த சாற்றை இறக்குந் தறுவாயிற் சேர்த்தல் வேண்டும். தேசிப்புளி சில துளி விட்டால் இலையிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர உதவும். உணவுடன் தேநீர் பருகுவது அச்சத்தைத் தடுக்குமாதலால், தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தல் நன்று. மரக்கறிச் செய்கையாளர் ஒன்றை மறத்தலாகாது: பூச்சிநாசினியோ களைநாசினியோ தெளித்த பாத்தியோரத்திலும் வரப்பிலும் கஞ்சிக்கு இலை பறித்தல் கூடாது. வீட்டுக்கிணற்றடியில் இதற்கெனச் சிறு பாத்தி ஒன்று வைத்திருத்தலே பாதுகாப்பானது.

மூன்றாவது, குரக்கன் பிட்டு. மாவை முன்கூட்டியே வறுத்து வைத்துக்கொண்டால் காலையிற் குழைத்து, தேங்காய்ப்பூவுடன் நீற்றுப்பெட்டியில் இட்டு அவிப்பது மட்டுமே வேலை. பழமோ, முதல்நாட் பருப்புக்கறியைச் சூடாக்கியதோ துணையாகலாம்.

நான்காவது, பழஞ்சோறு. இரவில் எஞ்சிய சோறு ஆறியதும் தாமதியாது, கொதித்தாறிய நீர் ஊற்றி மூடிவைத்து, காலையில் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாயுடன் உண்ணலாம். மதியம்வரை வைத்திருத்தல் கூடாது. வேண்டாத நாற்றமோ வழுவழுப்போ தோன்றின் எறிந்துவிடல் வேண்டும். சூடாக்கினாற் சரியாகிவிடுமென எண்ணுதல் தவறு.

ஐந்தாவது, வறுத்த சத்துமா. நேரமே இல்லாத நாளுக்கு உண்மையில் பெட்டிக்கு ஈடானது இதுவே. சிவப்பரிசி இரண்டு சுண்டு, குரக்கன் இரண்டு சுண்டு, பயறு ஒரு சுண்டு, கச்சான் அல்லது எள்ளுக் கால் சுண்டு ஆகியவற்றை வெவ்வேறாக வறுத்து, ஆறவிட்டு, ஒன்றாக அரைத்து, ஈரமற்ற தகரப் பேணியில் மூடிவைத்தல் வேண்டும். காலையில் ஐந்து நிமிடம் நீரிற் காய்ச்சிப் பாலோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால் உணவு ஆயத்தம். பூஞ்சணம் பிடித்த கச்சானை ஒருபோதும் சேர்க்கலாகாது. அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கக்கூடும். எண்ணெய்த்தன்மையுள்ள மா காறலடையுமாதலால் இரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தல் நலம்.

இவற்றுக்கு எவ்வளவு தானியம் ஒதுக்கவேண்டும்? கணக்கு மிக எளிது. ஐவர் குடும்பம் கிழமைக்கு மூன்று நாள் 250 கிராம் வீதம் பயறோ கௌப்பியோ உண்டால் ஆண்டுக்கு 39 கிலோ ஆகும். கிழமைக்கு இரண்டு நாள் 400 கிராம் வீதம் குரக்கன் மா உண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 42 கிலோ ஆகும். ஏக்கருக்கு 400 கிலோ பயறு விளையுமெனக் கொண்டால், முதலாவதற்கு ஏக்கரின் பத்திலொரு பங்கு நிலமே போதும். பயறு இரண்டு மாதமளவில் அறுவடைக்கு வருவது. சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் இடையில், நெல் வெட்டிய வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைப் பயன்படுத்தி அதனை விளைவிக்கலாம். அதன் வேர்முடிச்சுகள் வளியிலுள்ள நைதரசனை நிலைநிறுத்துமாதலால் அடுத்து வரும் நெற்பயிருக்கும் அது நன்மையே. காய் பறித்தபின் செடியை மண்ணில் உழுதுவிடல் வேண்டும்.

"பயற்றுக்கு நல்ல விலை கிடைக்கும்போது விற்காமல் வைத்திருப்பது மதியீனம்" எனச் சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை ஓரளவு உண்டு. பணம் வேண்டியபோது பயறுதான் கைகொடுக்கின்றது. ஆனால் விற்ற விலையையும், அதனாற் கடையில் வாங்கிய பெட்டியின் விலையையும், அப்பெட்டி எத்தனை காலைக்குப் போதுமென்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுதிப் பார்ப்போர் விடையைத் தாமே காண்பர். மேலும் 2022ஆம் ஆண்டின் படிப்பினை மறக்கத்தக்கதன்று. அவ்வாண்டில் கோதுமை மாவும் பால்மாவும் எரிவாயுவும் அரிதாயின. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தன. கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. கப்பல் வராவிடின் பாணும் இல்லை. அத்தகைய காலத்தில் வீட்டுமூலையிலிருக்கும் ஒரு சாக்குப் பயற்றின் பெறுமதியைச் சந்தை விலையால் அளவிட முடியாது.

பிள்ளைகள் பெட்டியையே கேட்கின்றனரே என்பது மற்றுமொரு தடை. அதனை முற்றாக விலக்கவேண்டிய தேவையில்லை. எப்போதாவது உண்ணும் பண்டமாக அது இருந்துவிட்டுப் போகட்டும். அன்றாட உணவாக ஆகாதிருந்தாற் போதும். தகப்பன் கஞ்சியை ஏழையின் உணவென்று ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைக் குடிக்கச் சொன்னால் பிள்ளை குடியாது. தாயும் தகப்பனும் ஒரே பாயிலமர்ந்து உண்பதையே பிள்ளையும் உண்ணும். அங்ஙனம் ஒன்றாக உண்ணும் வீட்டில் தாயும் வெறும் வயிற்றுடன் வயலுக்குச் செல்லாள்.

இனி வரும் அறுவடையில் விதைநெல்லைக் கட்டிவைக்கும் அதே நாளில், வீட்டுக்கென நெல் சில மூடையும், பயறு ஒரு சாக்கும், குரக்கன் ஒரு சாக்கும் தனியே கட்டிவைத்தல் வேண்டும். வியாபாரியின் லொறி அதற்குப் பின்னர் வரட்டும்.