வானத்துப் பறவைகள் சும்மா இருப்பதில்லை

விதைக்காத பறவைகளுக்கும் கடவுள் உணவளிக்கிறார், அதனால் கவலைப்படாதீர்கள் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு போதிக்கிறார். உழைக்க வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள்கொள்வோர் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே சுங்கை பூலோ ஈரநிலத்துக்குச் சென்று பார்க்கலாம். சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் உப்புக்கொத்திகள், கடல்நீர் வடிந்ததும் சேற்றில் இறங்கி இரை தேடுகின்றன. உணவு கடவுள் தந்தது. தேடும் உழைப்பு பறவையுடையது. தேர்வுக்கு முன் ஜெபிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு பாடமும் உண்டு. 2002ஆம் ஆண்டில் அந்த ஈரநிலம் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பறவைகளுக்குக் கடவுள் விரித்த பந்தி அது என்று நம்பினால், அதைக் காப்பதும் நம் பக்தியே. படம் எடுத்து, வசனம் சேர்த்துப் பகிர்வதோடு அது முடிந்துவிடக்கூடாது.