பழைய என்ஜினுக்குப் புதுப் பூட்டா?



2025 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு விதி வெளியிட்டது. சரக்கு இழுக்கும் டிராக்டரில் ஜி.பி.எஸ். கருவியும், வண்டி ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவியும் பொருத்த வேண்டும் என்பது அதன் சாரம். உழவு டிராக்டருக்கு இல்லையாம், சரக்கு டிராக்டருக்குத்தானாம். நாம் கேட்கிறோம்: காலையில் கலப்பை, சாயங்காலம் டிரெய்லர் என்று ஓடுகிற வண்டி எந்தக் கணக்கில் வரும்? சொந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அது சரக்கு வண்டியா?

இதுபோன்ற கருவியை அமெரிக்கா 2017 டிசம்பரிலேயே லாரிகளுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. டிரைவர் ஓட்டிய நேரத்தை நோட்டில் எழுதினால் போதாது, என்ஜினோடு இணைத்த கருவியே பதிய வேண்டும். ஆனால் 2000-க்கு முந்தைய மாடல் என்ஜினுக்கு விலக்கு கொடுத்தார்கள். கருவி விவரம் வாங்குவது என்ஜினில் உள்ள கம்ப்யூட்டரிடம். பழைய என்ஜின் பலவற்றில் அதற்கு வழியே கிடையாது. அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. புது சேஸிஸ் வாங்கி, பழைய என்ஜினைச் செப்பனிட்டு அதில் மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. நம்பரைப் பார்த்தால் புதுசு, பானெட்டைத் திறந்தால் பழசு. என்ஜின் எந்த வருஷத்து மாடல் என்பதுதான் கணக்கு, வண்டியின் வருஷம் அல்ல என்று அந்த அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. போதாதற்கு, விதைப்பு அறுவடைக் காலங்களில் விளைபொருள் ஏற்றும் லாரிக்கு, ஏற்றிய இடத்திலிருந்து சுமார் 278 கி.மீ.க்குள் ஓட்டும் நேரக் கட்டுப்பாடே இல்லை. அமெரிக்காவைப் பார், அமெரிக்காவைப் பார் என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறவர்கள் இதை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

நம்ம டிராக்டருக்கு வருவோம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்த பிறகுதான் டிராக்டர் என்ஜினில் எலக்ட்ரானிக் டீசல் பம்பு பரவலானது. அதற்குக் கீழே உள்ள நம்ம வண்டிகள் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்புதான். மணி மீட்டரே ஓடாமல் கிடக்கிற வண்டி எத்தனை! அதில் கருவி எதைப் பதியும்? கருவிக்குப் பணம், சிம்முக்கு வருஷா வருஷம் பணம், பழுதானால் நடவு நேரத்தில் வண்டி ஷெட்டில் நிற்கும். ஒரு டிராக்டரை நாலு குடும்பம் நம்பியிருக்கிற ஊர்கள் நம்முடையவை.

விபத்தைத் தடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ராத்திரியில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிரெய்லரில் மோதிச் செத்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதற்கு வேண்டியது ஒளிரும் ஸ்டிக்கரும் விளக்கும்தான். அதை அரசு இலவசமாகக் கொடுக்கட்டும், நாமே ஒட்டுகிறோம்.

நம் கோரிக்கை இதுதான்: எந்தக் கருவி விதி வந்தாலும் என்ஜினைப் பார்த்து விதி போடு. மெக்கானிக்கல் என்ஜினுக்கு முழு விலக்கு கொடு. சொந்த விளைச்சல் ஏற்றும் டிராக்டரைச் சரக்கு வண்டிக் கணக்கில் சேர்க்காதே.

இன்னொன்று. என்ஜின் மாற்றியும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் விட்டவர்கள் நம்மிலேயே உண்டு. நாளைக்கு விலக்கு கிடைத்தாலும் காகிதம் இல்லாவிட்டால் நமக்கு உதவாது. அப்படிப்பட்டவர்கள் ஆர்.சி. நகலோடும் என்ஜின் நம்பரோடும் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்.